இலுப்பைப் புண்ணாக்கு: நுரை அடங்கும்வரை கழுவுங்கள்

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பெரிய இலுப்பை நின்றது. கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்து, செக்கில் கொடுத்து, எண்ணெயைக் கோயில் விளக்குக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சின புண்ணாக்கைத் தலை முழுக வைத்திருப்போம். ஒருநாள் சித்தப்பா அந்தப் புண்ணாக்குச் சாக்கைக் கொண்டுபோய் வளவுக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டையில் அலசினார். தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்கியது, கொஞ்ச நேரத்தில் மீன் குஞ்செல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பின்னேரம் ஆகுமுன் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. இலுப்பைப் புண்ணாக்கை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று யார் கேட்டாலும் அந்த நுரையில் இருந்துதான் தொடங்குவேன்.

2022 இல் தவிட்டுக்கும் தேங்காய்ப் புண்ணாக்குக்கும் விலை ஏறினபோது இந்தக் கேள்வி நிறைய வந்தது. கொடுக்கலாம், ஆனால் அப்படியே அள்ளிப் போடக் கூடாது.

நுரைக்குக் காரணம் சபோனின் என்ற சவர்க்காரம்போல நுரைக்கிற பொருள். அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மீனின் செவுளைப் பிடிக்கும், ஆடு மாடு அதிகம் தின்றால் கழிச்சல் வரும். எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆனால் தண்ணீரில் கரையும், சுடுதண்ணீரில் இன்னும் நன்றாகக் கரையும். நமக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

முதலில் புண்ணாக்கை நன்றாக இடித்துத் தூளாக்குங்கள், கட்டியாக இருந்தால் உள்ளே தண்ணீர் போகாது. ஒரு கிலோவுக்கு ஐந்து லீற்றர் என்ற கணக்கில் கொதித்த தண்ணீரைப் பெரிய பரலில் ஊற்றிக் கிண்டி மூடி, ஆறினதும் துணியில் வடித்துப் பிழியுங்கள். அடுத்த தடவைகளுக்குப் பச்சைத் தண்ணீர் போதும், ஒவ்வொரு தடவையும் சில மணித்தியாலம் ஊறவிட்டுப் பிழிய வேண்டும். எத்தனை தடவை என்று நான் எண்ணிக்கை சொல்லமாட்டேன், போத்தல் சொல்லட்டும். கடைசியாக வடித்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு எடுத்து, வாயை மூடி நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். நுரை ஒரு விரல் மொத்தத்துக்கு அப்படியே நின்றால் சபோனின் இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். குமிழிகள் உடைந்து ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சினால் சரி. கழுவும்போது புரதமும் கொஞ்சம் போகத்தான் செய்யும், அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கழுவின தண்ணீர் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ கடலேரிக்கோ ஒரு வாளிகூடப் போகக் கூடாது. கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி அதில் ஊற்றுங்கள். குளத்தை நம்பித் தூண்டில் போடுகிற பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்.

அப்புறம் காயவைப்பது. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்கள்தான் இதற்குத் தோதான காலம், பொலித்தீன் விரிப்பில் விரல் மொத்தத்துக்குப் பரவிக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். மாரியில் இந்த வேலையே வேண்டாம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் வருகிற அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் வெயிலில் போட்டாலும் முழுதாகப் போகாது, மாடு தின்றால் பாலுக்கே வந்துவிடும். பூத்த புண்ணாக்கைத் தயங்காமல் எறியுங்கள்.

வேப்பம் புண்ணாக்கு வேறு கதை. அதில் இருக்கிற கைப்பைத் தண்ணீரில் மட்டும் எடுப்பது கடினம். 10 கிலோ தூளுக்கு 250 கிராம் யூரியாவை 12 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைத்துப் பிசைந்து, காற்றுப் புகாத பரலில் ஐந்தாறு நாள் மூடி வைப்பார்கள். திறக்கும்போது அமோனியா மூக்கைத் துளைக்கும், அந்த மணம் அடங்கும்வரை வெயிலில் பரவ வேண்டும். யூரியாவைக் கண் மதிப்புக்குப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம், குடித்தால் ஆபத்து. கன்றுக்கும் குட்டிக்கும் இது கூடாது. வேம்பு கருப்பிடிப்பைக் கெடுக்கக் கூடியது என்பதால் சினை மாட்டுக்கும் பொலி கிடாய்க்கும் நான் போடுவதில்லை.

ஆமணக்குப் புண்ணாக்கும் காட்டாமணக்குப் புண்ணாக்கும் கொடுக்கலாமா என்று கேட்கவே வேண்டாம், கூடாது. ஆமணக்கில் உள்ள ரிசின் என்ற நஞ்சை ஈரச் சூடு அழிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்து நீராவி ஒரு மணித்தியாலம் எல்லாப் பக்கமும் சீராகப் பிடிக்க வேண்டும், கிடாரத்தில் அவித்து அதை நம்ப முடியாது. வேலிக்கு நடுகிற காட்டாமணக்கில் போர்போல் எஸ்டர் என்ற நஞ்சு இருக்கிறது, அது சூட்டுக்கும் அசையாது, தண்ணீருக்கும் கரையாது. ஆமணக்குப் புண்ணாக்கைப் பயிருக்கு உரமாகப் போட்டால்கூட மண்ணுக்குள் ஆழப் புதையுங்கள், கிளறித் தின்று நாய் செத்துப்போகும்.

கழுவிக் காய்ந்த இலுப்பைக்கு வருவோம். போத்தல் சோதனை ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது, அதனால் கோழிக்கும் கன்றுக்கும் வேண்டாம், அசைபோடுகிற வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும். முதலில் ஒரேயொரு மாட்டுக்கு, தவிட்டோடு ஒரு கைப்பிடி கலந்து வையுங்கள். ஒரு கிழமை சாணியைப் பாருங்கள், படுத்திருக்கும்போது அசைபோடுகிறதா பாருங்கள், இடப்பக்க வயிறு ஊதியிருக்கிறதா தட்டிப் பாருங்கள். எல்லாம் வழமைபோல் இருந்தால் மெல்ல மெல்லக் கூட்டலாம், கலப்புத் தீனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் போனதில்லை. சாணி தண்ணியாகினாலோ தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பினாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், என்ன கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.