போன் பார்த்து மோட்டர் வாங்கும்போது விடுகிற பிழைகள்

தண்ணி மோட்டர் ஒன்று வாங்கலாமென்று ஒருதரம் தேடினால் போதும், பிறகு பேஸ்புக்கைத் திறந்தாலும் யூடியூப்பைத் திறந்தாலும் மோட்டர்தான். அடிக்கடி கண்ணில் படுவதை நல்ல சாமான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. முதலாவது பிழை அது. எதைத் தட்டினீர்கள், எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், விற்பவர் விளம்பரத்துக்கு எவ்வளவு கட்டினார் என்பதை வைத்தே போனில் எது முதலில் வரும் என்ற வரிசை அமைகிறது.

உங்கள் கிணற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே போனைத் திறக்க முதல் கிணற்றை அளவுங்கள். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, மோட்டர் இருக்கப்போகும் மட்டத்திலிருந்து தண்ணி வரை எத்தனை அடி என்று பாருங்கள். மாரியில் அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும்; புரட்டாதியில், மழைக்கு முதல் அளக்க வேண்டும். ஒற்றைக் குழாயால் உறிஞ்சும் மோட்டரைத் தரையில் வைத்தால், ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணியை அது இழுக்காது. தண்ணியைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுவது வளியமுக்கம். அதன் எல்லையே 34 அடிதான். எத்தனை குதிரைவலு என்றாலும், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

விளம்பரத்தில் 35 மீற்றர் உயரம், நிமிடத்துக்கு 35 லீற்றர் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமென்று நம்ப வேண்டாம். உச்ச உயரத்தில் வரத்துப் பூச்சியம்.

"இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள்" என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டு பெரிய மோட்டருக்குத் தாவுவது யாழ்ப்பாணத்தில் மோசமான பிழை. இங்கே சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். பிறகு கிணறு பழைய நிலைக்கு வர நாள் எடுக்கும்.

வெட்டிக் காட்டிய பழைய விலையும் ஆளை இழுக்கும். 1974இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் எழுதிய ஆய்வில், இலக்கச் சக்கரம் சுழன்று 10 என்ற இலக்கம் வந்தவர்கள் ஐ.நா.வில் ஆபிரிக்க நாடுகள் 25 வீதம் என்றும், 65 வந்தவர்கள் 45 வீதம் என்றும் மதிப்பிட்டார்கள். சம்பந்தமே இல்லாத இலக்கத்துக்கு அவ்வளவு பிடி. நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலையை முதலே ஒரு துண்டில் எழுதிவிட்டு, யாழ் நகரிலோ சுன்னாகத்திலோ இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

கூகிள் கணக்கின் விளம்பர அமைப்பில் தனிப்பயன் விளம்பரத்தை நிறுத்தலாம். விளம்பரம் குறையாது, அதே மோட்டர் பின்னால் வருவது குறையும்.

கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தை விட்டு இரண்டு, மூன்று நட்சத்திரத்தை வாசியுங்கள். எது பழுதானது, எத்தனை மாதத்தில் என்பது அங்கேதான் இருக்கும். கடைசியாக, மோட்டர் திருத்துபவரிடம் எந்த மோட்டர் அடிக்கடி வருகிறது என்று கேட்டால் அதிகம் விற்பதைத்தான் சொல்வார். அதை விட்டு, கப்பாசிற்றர், சீல் போன்ற உதிரிப்பாகங்கள் எந்த மோட்டருக்கு இங்கேயே கிடைக்கும் என்று கேளுங்கள்.