செப்டிக் ஷாக்கை ஒரே தாளில் படிப்பது: ஐசியூ செவிலியர்களுக்கு

ஐசியூவுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள் பலர் நோய்க்கு ஒரு நோட்டு, மருந்துக்கு ஒரு நோட்டு என்று வைத்துப் படிக்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும். மானிட்டரில் பிபி 80/40 என்று தெரியும் நேரத்தில் இரண்டு நோட்டும் கைகொடுக்காது. எந்த மருந்து, நோயின் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதுதான் அப்போது தேவை. கிருமித்தொற்றால் பிபி ஆபத்தாக இறங்கும் செப்டிக் ஷாக்கில் தொடங்குங்கள்.

ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, மேல்வரிசையில் நோய் நகரும் வழியை எழுதுங்கள்: கிருமித்தொற்று, கட்டுமீறிய அழற்சி, நைட்ரிக் ஆக்சைடு பெருகி ரத்தக்குழாய்கள் தளர்வது, தந்துகிகளிலிருந்து (மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள்) நீர் கசிவது, பிபி இறங்குவது, திசுக்களுக்கு ரத்தம் போதாமல் போவது, ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) ஏறுவது.

இரண்டாவது வரிசையில், ஒவ்வொன்றும் படுக்கையருகில் எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். குழாய் தளர்ந்தால் டயஸ்டாலிக் (பிபியின் கீழ் எண்) இறங்கும்; தொடக்கத்தில் கைகால் வெதுவெதுப்பாகவே இருக்கும். திசுக்களுக்கு ரத்தம் போதாவிட்டால் சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் கீழே போகும், நோயாளி குழம்பிப் பேசுவார். எழுத ஒன்றும் தோன்றாமல் காலியாக நிற்கும் கட்டத்தைத்தான் மறுபடி புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வரிசை மருந்துக்கு. தொற்றின் கீழே ஆன்டிபயாட்டிக். கசிவின் கீழே திரவம்: முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் கிரிஸ்டலாய்டு (சலைன் போன்ற உப்புத் திரவம்). குழாய் தளர்வின் கீழே, குழாயை இறுக்கும் நார்அட்ரீனலின். அது போதாதபோது சேர்க்கும் வாசோபிரசின், நிமிடத்துக்கு 0.03 யூனிட்.

நார்அட்ரீனலினுக்கு மட்டும் தாளின் பின்பக்கம் முழுவதையும் ஒதுக்குங்கள். அந்த அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது. முக்கியமாக ஆல்ஃபா-1 ஏற்பிகளை (செல்களில் மருந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள்) தூண்டிக் குழாய்களை இறுக்குகிறது, பீட்டா-1 வழியாக இதயத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது. அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 2 நிமிடம்தான். இந்த ஒரு எண்ணிலிருந்தே நர்சிங் வேலை பிறக்கிறது. அளவை மாற்றினால் சில நிமிடத்தில் பலன் தெரியும். பம்பில் உள்ள சிரிஞ்சு காலியானாலும் அதே வேகத்தில் பிபி விழும், ஆகவே அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டும். அதே லைனில் வேறு மருந்தைத் தள்ளினால், குழாயில் நிற்கும் நார்அட்ரீனலின் மொத்தமாக உள்ளே போய் பிபி எகிறும்.

கணக்கைக் கையால் போடுங்கள். 80/40 என்றால் டயஸ்டாலிக்கின் இரு மடங்கோடு சிஸ்டாலிக்கைக் கூட்டி 3ஆல் வகுக்க, சராசரி அழுத்தம் 53. இலக்கு 65. 50 மி.லி.யில் 4 மி.கி. இருந்தால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். பம்பில் மணிக்கு 4.5 மி.லி. பலர் சறுக்குவது ஆம்பியூல் லேபிளில். 2 மி.கி. பைடார்ட்ரேட் உப்பில் சுமார் 1 மி.கி. நார்அட்ரீனலின்தான் இருக்கிறது. லேபிளில் உள்ளது எது, உங்கள் யூனிட் எதை வைத்துக் கணக்கிடுகிறது என்று பார்க்காவிட்டால் அளவு பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும்.

நார்அட்ரீனலின் கையின் சிரையில் (வெயின்) போகும்போது மருந்து வெளியே கசிந்தால் தோல் வெளுத்துக் குளிரும். குழாய்கள் இறுகி அந்தத் திசுவே செத்துப்போகலாம். அங்கே நிறுத்தி, உடனே வேறு நல்ல லைனுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிபி போய்விடும். கேனுலாவை (சிரைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்) பிடுங்காமல், அதன் வழியே முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஐஸ் வேண்டாம்: ஏற்கெனவே இறுகிய குழாயைக் குளிர் இன்னும் இறுக்கும். ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுக்கும் பென்டோலமைன் மருந்தை அங்கே ஏன் போடுகிறார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும்.

லாக்டேட் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை எழுதிவையுங்கள். அட்ரீனலின் (நார்அட்ரீனலின் அல்ல, வேறு மருந்து) ஓடும் நோயாளிக்கு லாக்டேட் ஏறினால், அது ரத்தம் போதாததால் மட்டுமல்ல, அந்த மருந்து பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டுவதாலும் இருக்கலாம். சிறுநீர், தோல், நினைவு மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாளை மூடிவிட்டு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் திரும்ப வரையுங்கள். டியூட்டியில் ஒரு நோயாளியின் ஒரு மருந்தை எடுத்து, எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது, எந்த எண் மாற வேண்டும், எத்தனை நிமிடத்தில் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு மாரடைப்பால் வரும் கார்டியோஜெனிக் ஷாக்குக்கு இன்னொரு தாள் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிபி அதே 80/40தான். ஆனால் கைகால் ஜில்லென்றிருக்கும், கோளாறு பம்ப் செய்யும் இதயத்தில் இருக்கும். முதல் தாளில் எழுதிய கிலோவுக்கு 30 மி.லி. திரவத்தை இங்கே அப்படியே கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.