முன்னாள் படைவீரர் விருதுக்கு இலச்சினை வரைவது எப்படி? பூவரசம் பூவிலிருந்து ஒரு செய்முறை

விருது இலச்சினை என்றதும் துப்பாக்கி, போர்க்கப்பல், வாகை மாலை என்று தேடத் தொடங்குவார்கள். வேண்டாம். நங்கூரத்தைப் போட்டால் தரைப்படையில் இருந்தவருக்கு அது அந்நியம். திருகோணமலை மீது 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சின் நினைவாக விமானம் வரைந்தால், தாக்க வந்தவனின் உருவத்தை அந்த அடியைத் தாங்கியவரின் கையில் கொடுத்ததாகிவிடும்.

இந்தச் செய்முறைக்கு நாம் எடுப்பது பூவரசம் பூ. முதல் உலகப் போர் நினைவுநாளான நவம்பர் 11இல் பிரித்தானியப் படைவீரர்களுக்காகப் பொப்பிப் பூ விற்ற காலத்தில், இலங்கையின் முன்னாள் படைவீரர்களுக்காக 1931இல் தொடங்கிய சூரியமல் இயக்கம் விற்றது இந்தப் பூவைத்தான். பின்னாளில் அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவும் வளர்ந்தது. திருகோணமலைக் கடற்கரையோரம் பூவரச மரத்துக்குப் பஞ்சமில்லை. காலையிலேயே பூவைப் பறித்துப் பாருங்கள்; பொழுது சாயச் சாய மஞ்சள் மங்கிச் செந்நிறமாகிவிடும்.

அளவு: பதக்கத்தின் விட்டம் 40 மிமீ. எழுத்து வளையத்தின் உள்வட்டம் 32 மிமீ. பூ 20 மிமீ, நடுவில் கருஞ்சிவப்பு வட்டம் 6 மிமீ. பூவின் கீழே திருகோணமலையின் கொட்டியாரக்குடாவுக்காக மூன்று அலைக்கோடுகள், ஒவ்வொன்றும் 0.6 மிமீ தடிப்பு. இதற்குமேல் எதையும் சேர்க்காதீர்கள்.

பூ வரைதல்: இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப் போதும். ஐந்து இதழையும் தனித்தனியே வரைய வேண்டாம். ஒரே இதழை, ஒரு பக்கம் சற்றே சரிந்தாற்போல் வரையுங்கள். அதன் சுழல்மையத்தை அடிநுனிக்கு நகர்த்தி, நகலெடுத்து 72 பாகை சுழற்றுங்கள். நான்கு நகல் எடுத்தால் பூ முழுமையாகும்.

பலரும் தவறுவது இங்கேதான். பூவரசில் ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்தில் அடுத்த இதழை மூடும், மறுபக்கத்தில் தானே மூடப்பட்டிருக்கும். கணினியிலோ கடைசி இதழ் நான்காவதையும் முதலாவதையும் சேர்த்து மூடிவிடும். பூ ஒரு பக்கம் பிசகித் தெரியும். முதல் இதழின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்து, ஐந்தாவதோடு சேர்த்துத் தெரிவு செய்து, மேலுள்ள வடிவத்தின் அளவுக்குக் கீழுள்ளதை வெட்டும் ‘டிஃபரன்ஸ்’ கட்டளை கொடுங்கள். சுற்று சரியாகிவிடும். இதழ்களின் ஓரக்கோடு 0.3 மிமீக்குக் குறையக் கூடாது. குறைந்தால், பதக்கத்தின் குழிகளில் நிரப்பும் நிற எனாமல் பக்கத்துக் குழிக்கு வழிந்துவிடும்.

எழுத்து: 32 மிமீ வட்டத்தின் மேற்பாதி ஏறத்தாழ 50 மிமீ நீளம். 3 மிமீ உயர எழுத்தில் ‘முன்னாள் படைவீரர் விருது’ மட்டுமட்டாக அடங்கும். ‘கௌரவ’ என்று சேர்த்தால் அடங்காது. கீழ்ப்பாதியில் ‘திருகோணமலை’. மெய்யெழுத்துப் புள்ளி 0.4 மிமீக்குச் சிறுத்தால் வார்ப்பில் அடைந்துபோகும், ஆகவே தடித்த எழுத்துருவே நல்லது. சிங்களம், ஆங்கிலம், பெறுபவரின் பெயர், ஆண்டு எல்லாம் பதக்கத்தோடு கொடுக்கும் கேடயத்தின் அடித்தகட்டுக்குப் போகட்டும். ஆண்டை இலச்சினையில் பதித்தால் ஒவ்வோர் ஆண்டும் புது அச்சு வெட்ட வேண்டிவரும்.

நிறம்: வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எடுபடாது. கருநீலத்தில் வையுங்கள். மரக் கேடயத்தில் லேசரால் பொறிப்பதற்கு ஒற்றை நிறப் பிரதி ஒன்றும் வேண்டும். அதில் இதழ்களுக்கு இடையே 0.4 மிமீ இடைவெளி விடுங்கள்.

அரச இலச்சினை, படைப்பிரிவுச் சின்னங்கள் எதையும் எழுத்துமூல அனுமதியின்றிச் சேர்க்காதீர்கள். செஞ்சிலுவை ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம். மருத்துவப் பிரிவில் இருந்தவருக்கென்றாலும் அதை அலங்காரமாக வைக்க முடியாது.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைத் தெரிவு செய்து, அவற்றை வரைவடிவமாக மாற்றும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளை கொடுங்கள். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியதை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். பிடிஎஃப், எஸ்விஜி இரண்டையும் கொடுத்து, முதலில் ஒரே ஒரு பதக்கம் வார்த்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, வயதான ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே மீதிக்கு முற்பணம் கட்டுங்கள்.