லயத்து ஜி.ஐ. பைப் ஓட்டையான கதை

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பில், ஊசித் துளைகள். துண்டை மாற்றினோம், வெளியே பெயின்ட் அடித்தோம். பக்கத்திலேயே மறுபடி கசிவு. பழைய துண்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்மஞ்சள் மேடுகள். சுரண்டினால் அடியில் கறுப்புப் பசை; அதில் தேசிக்காய்ச் சாறு விட்டதும் அழுகிய முட்டை நாற்றம்! மேலே, இரும்பைத் துருவாக்கி வாழும் இரும்பு பக்டீரியா ஒட்சிசனைத் தீர்த்துவிடுகிறது. காற்றில்லாத அடியில், தண்ணீரிலுள்ள சல்பேட்டை அந்த நாற்றத்துக்குக் காரணமான சல்பைட்டாகத் தாழ்த்தும் (மாற்றும்) பக்டீரியா உலோகத்தைக் குழிக்கிறது. குளோரின் தூள் மட்டும் போட்டால் மேட்டுக்குள் இறங்காது. துளைகளெல்லாம் தண்ணீர் தேங்கி நின்ற, பாவிக்காத கிளைப் பைப்பை ஒட்டியே இருந்தன. கிளையை வெட்டி அடைத்து, கெட்ட துண்டுகளுக்கு பிவிசி போட்டு, மிச்சத்தை பிரஷ்ஷால் உரசிய பிறகே குளோரின் விட்டோம். கசிவு நின்றது, அப்பாடா.