நொதிப்பு அடங்கிய பிறகு திராட்சைத் தோலை ஊறவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சிவப்பு ஒயின் போடுகிறவர்களுக்கு ஓரிரு முறை நன்றாக வந்துவிட்டால் அடுத்த ஆசை இதுதான்: நொதித்தல் முடிந்ததும் பிழியாமல், திராட்சையின் தோலோடும் விதையோடும் இன்னும் 2, 3 வாரம் ஊறவிடுவது. நல்ல ஆசை. கரடுமுரடான துவர்ப்பு அடங்கி, வாயில் நிறைவாக நிற்கும் ஒயின் கிடைக்கும். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் என் பழைய தவறுகளையே வரிசையாகச் செய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாத்திரம் சுத்தம், நல்ல ஈஸ்ட் போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

நொதிப்பு நின்ற பிறகும் திறந்த பாத்திரம்

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

நொதிப்பு மும்முரமாக இருக்கும்போது, மேலே மிதக்கும் தோல் அடுக்குக்குத் துணி மூடியே போதும். 1 லிட்டர் சாற்றில் 200 கிராம் சர்க்கரை இருந்தால், அது முழுவதும் நொதித்து முடிவதற்குள் சுமார் 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த வாயு ஓயாமல் மேலே வந்து காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோலை மேலே தூக்கி நிறுத்துவதும் அதுதான், காப்பதும் அதுதான்.

சர்க்கரை தீர்ந்தால் வாயுவும் தீர்ந்தது. "கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, போர்வை மாதிரி மேலேயே படுத்திருக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். கனம் என்பது உண்மை, சுமார் ஒன்றரை மடங்கு. படுத்திருக்கும் என்பதுதான் பொய். வாயுக்கள் தானாகவே ஒன்றோடொன்று கலந்துவிடும். மூடியைத் திறந்து ஒருமுறை குனிந்து பார்த்தாலே பாதி போய்விடும். இரவில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் வாயு சுருங்கி, துணி வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். வினிகர் பாக்டீரியாவுக்கு வேண்டியது ஆல்கஹாலும் ஆக்சிஜனும்தான். ஈரமான தோல் அடுக்கின் மேற்பரப்பில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பழ ஈக்கள் அந்த பாக்டீரியாவைக் காலில் சுமந்துகொண்டு வந்து சேரும்.

தெரிந்த தம்பி ஒருவர் அருமையான கேபர்னே சாவிக்னான் (சிவப்பு ஒயின் திராட்சை வகை) பழத்தில் இப்படித்தான் செய்தார். துணியை விலக்கிக் காட்டினார். மேல் தோலெல்லாம் வறண்டு பழுப்பேறி, அங்கங்கே சாம்பல் வெள்ளையில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி. குழாய் வைத்து அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குடித்துப் பார்த்தோம். ஒயின் சுத்தமாக, பழ வாசனையோடு இருந்தது! கெட்டது மேலே ஒரு விரல் கனம் மட்டும்தான். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், வழக்கம்போல அந்த அடுக்கை அப்படியே உள்ளே அமுக்கிக் கலக்கிவிட்டார். மொத்தப் பாத்திரமும் போயிற்று. ஒயினில் ஏறிவிட்ட வினிகர் புளிப்பை வீட்டில் எடுக்க வழியே இல்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் தயவுசெய்து அமுக்காதீர்கள். மேல் அடுக்கை மெதுவாக வழித்து வெளியே போடுங்கள். அடியிலிருந்து ஒயினைக் குழாயில் இறக்கி, அளவாக சல்பைட் (ஒயின் கெடாமல் காக்கும் உப்பு) சேருங்கள். மிச்சத் தோலைப் பிழிந்து அதோடு சேர்க்கவே கூடாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? வாயு நிற்கும் முன்பே மூடுங்கள். ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.005-க்குப் பக்கத்தில் வரும்போதே, அதாவது சர்க்கரை கிட்டத்தட்டத் தீரும்போதே, தோலோடு சேர்த்து எல்லாவற்றையும் இறுக்கமான மூடியும் ஏர்லாக்கும் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள அகன்ற வாய்ப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கடைசியாக வரும் வாயு உள்ளிருக்கும் காற்றைத் தானே வெளியே துரத்திவிடும். நின்ற பிறகு மூடினால் காற்றைத்தான் உள்ளே வைத்து மூடுகிறீர்கள். அப்படி நேர்ந்துவிட்டால், காற்றை வெளியேற்ற ஆர்கான் (ஒயினோடு வினைபுரியாத வாயு) விட வேண்டும்.

பாதி நிரம்பிய பாத்திரம்

மேலே நான்கு விரல் இடத்துக்கு மேல் விடாதீர்கள். மிதக்கும் மூடி உள்ள தொட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தாளைத் தோலின் மேலேயே, இடையில் காற்று நிற்காமல் படியவைத்து, அதற்கு மேல் மூடியைப் போடுங்கள்.

தினமும் மூன்று முறை அமுக்குவது

அது நொதிக்கும்போது செய்கிற வேலை. இப்போது தோல் நனைந்திருந்தால் போதும். சின்னப் பாத்திரம் என்றால் மூடியைத் திறக்காமலே, நாளுக்கு ஒருமுறை மெதுவாகச் சுழற்றி அசையுங்கள். தோல் மூழ்கத் தொடங்கியதும் அதுவும் வேண்டாம்.

பயந்துபோய் சல்பைட்டை அள்ளிப் போடுவது

மேலோலாக்டிக் நொதிப்பு (பாக்டீரியா ஒயினின் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது) இன்னும் முடிந்திருக்காது. அதை நிறுத்திவிடுவீர்கள். நிறமும் வெளுக்கும்.

அழுகல் பழம்

ஊறவைக்கவே கூடாது. உடனே பிழியுங்கள்.

பச்சை விதை

அதுவும் அப்படித்தான். ஆல்கஹாலில் ஊற ஊற விதையின் கசப்புதான் இறங்கும்.

நாள் கணக்கு வைத்துப் பிழிவது

எத்தனை நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நாக்குதான் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீண். பாத்திரத்தின் அடிப்பக்கம் ஒரு குழாய் பொருத்தி, அதில் மட்டும் எடுத்து ருசி பாருங்கள். தோல் முழுக்க அடியில் இறங்கிவிட்டால் அப்புறம் காத்திருக்க பெரிய காரணம் இல்லை. அந்த வாரமே பிழிந்துவிடுங்கள்.