காடு எவ்வளவு குறைந்தது? நாலு நாட்டை ஒப்பிடும் செய்முறை

புதுச்சேரியில் படிக்கும் அக்கா மகள் கடலூருக்கு வந்திருந்தாள். "மாமா, பிரேசில், இந்தோனேசியா, வியட்நாம், இந்தியா, இந்த நாலுலயும் காடு எவ்வளவு அழிஞ்சிருக்குன்னு ஒரு கிராஃப் போட்டுத் தாங்க" என்றாள். ஒரு மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது.

முதலில் உலக வங்கியின் தரவுத் தளத்தில் 'ஃபாரஸ்ட் ஏரியா' என்று தேடி, சதுர கிலோமீட்டர் கணக்கை சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும்) கோப்பாக இறக்குங்கள். இறங்கும் ஜிப் பொதியில் மூன்று கோப்புகள் இருக்கும். பெரியதில் முதல் நாலு வரிகளை விட்டுவிட்டுத் திறக்கவேண்டும். இதற்கு நான் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் பக்கம்தான். எந்த வரியிலிருந்து தொடங்க என்று அதுவே கேட்கும். இந்த அளவு வேலைக்குப் பைதானில் நிரல் எழுதுவதெல்லாம் வேண்டாம்.

நாடுகளோடு 'அரபு உலகம்', 'நடுத்தர வருமான நாடுகள்' மாதிரி கூட்டுத்தொகை வரிகளும் கலந்திருக்கும். அதே ஜிப்பில் இருக்கும் நாட்டு விவரக் கோப்பில் எதற்கு வட்டாரம் ('ரீஜன்') காலியாக இருக்கிறதோ, அதைத் தூக்கிவிடுங்கள்.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். 1990 முதல் ஆண்டுவாரியாகக் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் வந்தது. காடு என்ன, ஆண்டுதோறும் ஒரே அளவாகவா குறையும்? இந்த எண்கள் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு நாடுகளிடம் கேட்டு வாங்குபவை. 1990, 2000, 2010, 2020 போன்ற கணக்கெடுப்பு ஆண்டுகளுக்கு இடையில் இருப்பவை பெரும்பாலும் நிரவி எழுதியவை. அதனால் கணக்கெடுப்பு ஆண்டுகளுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். 'எந்த ஆண்டில் அதிகம் அழிந்தது' என்று இதில் தேடவே தேடாதீர்கள்.

அப்புறம், பரப்பையும் விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி பிரேசில் 1990இல் 58.9 கோடி ஹெக்டேர் (ஒரு சதுர கிலோமீட்டர் 100 ஹெக்டேர்), 2020இல் 49.7 கோடி. இந்தோனேசியா 11.9 கோடியிலிருந்து 9.2 கோடி. பரப்பில் பிரேசிலின் இழப்பு இந்தோனேசியாவைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் இருந்ததில் எவ்வளவு போனது என்று பார்த்தால் பிரேசில் சுமார் 16 விழுக்காடு, இந்தோனேசியா 22. வரிசை தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா? வியட்நாம் 94 லட்சத்திலிருந்து 1.46 கோடி ஹெக்டேராகக் கூடியிருக்கிறது, இந்தியாவும் 6.4இலிருந்து 7.2 கோடி.

"கூடியிருக்கா? ஆனா குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்ல இழப்புன்னு போட்டிருக்கே" என்றாள் அக்கா மகள். நல்ல கேள்வி. அந்த இணையதளம் 2001 முதல் செயற்கைக்கோள் படத்தில் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரக்கவிகை (மேலிருந்து தெரியும் இலைப் போர்வை) எங்கே போனது என்று பார்ப்பது. நட்டு வளர்ந்ததை அதில் கழிப்பதில்லை. எங்கள் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயலில் எங்கள் தோப்பு வேரோடு சாய்ந்தது. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் கணக்கில் அது மரப்பரப்பு இழப்பு. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் முந்திரித் தோப்பு விவசாய நிலம், ஆகவே காட்டில் குறைவே இல்லை. நம் நாட்டு வன அளவை நிறுவனமோ, ஒரு ஹெக்டேரும் 10 விழுக்காடு கவிகையும் இருந்தால் தோப்பையும் வனப்பரப்பில் சேர்க்கும். இந்த மூன்றையும் ஒரே கிராஃபில் போடாதீர்கள்.

பிற்சேர்க்கை: "நிலம் என்னவாக மாறியது என்று பார்க்க உலக வங்கியின் 'அரபிள் லேண்ட்' கோப்பை எடுத்தேன், இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனையைக் காணோம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்காது. 'அரபிள் லேண்ட்' என்பது நெல், சோளம் மாதிரி பருவப் பயிர் நிலம் மட்டும். எண்ணெய்ப்பனை, ரப்பர், முந்திரிக்கெல்லாம் 'பெர்மனென்ட் கிராப்லேண்ட்' என்று தனிக் கோப்பு. பிரேசிலுக்கு அதுவும் போதாது. அங்கே காடு பெரும்பாலும் மாட்டு மேய்ச்சல் நிலமாகத்தான் மாறியது. மேய்ச்சலும் சேர்ந்த 'அக்ரிகல்ச்சுரல் லேண்ட்' கோப்பை எடுங்கள்.