தரக் கட்டுப்பாடு கற்க விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் 'தரக் கட்டுப்பாடு' என்ற பெயரை மட்டும் தேடிப் பார்த்து, காணாவிட்டால் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுவது திருகோணமலை மாணவர் பலர் செய்யும் முதல் தவறு. உணவு விஞ்ஞானம், இரசாயனம், பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றுள் எதைக் கற்றவரும் இத்துறைக்குள் வரலாம். ஆகவே வந்தாறுமூலை, ஒலுவில், கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள தொழினுட்பவியற் பீடங்களை ஒப்பிடுபவர்கள், பட்டத்தின் தலைப்பை விட்டுவிட்டு, மாதிரி எடுத்தலும் அளவீடும் புள்ளிவிபரமும் கைத்தொழிற் பயிற்சியும் பாடத்திட்டத்தில் எவ்வளவு இடம் பெறுகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் சோதிப்பதே தரக் கட்டுப்பாடு என எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை மீனைப் பிடித்தவுடன் போதிய ஐஸில் வைக்காவிட்டால், பற்றீரியாக்கள் அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் பின்னர் உறைய வைத்தாலும் சமைத்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஹிஸ்டமின் சோதனைக்கு ஒரு தொகுதியிலிருந்து ஒன்பது மாதிரிகளைக் கேட்கிறது. அவற்றின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அந்தச் சோதனை மீனைக் காப்பாற்றப் போவதில்லை, பிழை நடந்ததை அறிவிக்க மட்டுமே செய்யும். ஆய்வுகூட மேசையை விட்டு நகராத மாணவருக்குப் படகில் ஐஸ் எப்படி இடப்படுகிறது என்பது தெரியாது. ஆனால் மீனின் தரம் தீர்மானிக்கப்படுவது அங்கேதான்.

புள்ளிவிபரவியலைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பதன் விலை வேலைக்குச் சேர்ந்த பின்னரே தெரியும். உற்பத்தியின் அளவீடுகளை வரிசையாகக் குறித்து அதன் ஏற்ற இறக்கம் இயல்பானதா என்று பார்க்க உதவுவது, அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் வால்ட்டர் ஷூஹார்ட் 1924இல் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடம். அதன் எல்லைகள் உற்பத்தியின் சொந்தத் தரவுகளிலிருந்து கணிக்கப்படுபவை. நியமமோ வாடிக்கையாளரோ விதிக்கும் எல்லைகள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவோர் பட்டதாரிகளிலும் உள்ளனர். சீமெந்து மூட்டையின் நிறை 50 கிலோவிலிருந்து சற்று விலகும் ஒவ்வொரு தடவையும் நிரப்பும் இயந்திரத்தைத் திருப்பிச் சரிசெய்தால், இயல்பான ஏற்ற இறக்கம் குறையாது, கூடும். எப்போது கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தருவதே அந்த வரைபடத்தின் முதற் பயன் என்பேன்.

ஐ.எஸ்.ஓ. எனும் சர்வதேச நியமங்கள் பற்றிய குறுங்கால வகுப்புகளுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டுவதும் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 9001 முகாமைத்துவ முறைமைக்கு உரியது, பொருளுக்குரிய எஸ்.எல்.எஸ். குறியீட்டை வழங்குவது இலங்கை கட்டளைகள் நிறுவனம். இந்த வேறுபாடே விளங்காத ஒருவரிடம் சான்றிதழ்கள் அடுக்காக இருந்து என்ன பயன்?

தொழில் என்றால் கொழும்புதான் என்ற நினைப்பும் பயிற்சிக்கு இடம் தேடும்போது தடையாகிறது. சீனக்குடாவில் கோதுமை மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஈரப்பதம், எரித்தபின் எஞ்சும் சாம்பல், குளூட்டன் என்ற புரதம் என மாவுக்கும், 28ஆம் நாள் அழுத்த வலிமை எனச் சீமெந்துக்கும் செய்யப்படும் சோதனைகள் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. விண்ணப்பிக்கும்போது அவற்றை அறிந்திருப்பதோடு, இரவு முறையில் வேலை செய்யவும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும், ஏற்றுமதிக்கு ஆயத்தமான தொகுதியை நிறுத்துமாறு உற்பத்தி முகாமையாளரிடம் ஆதாரத்துடன் சொல்லவும் பழகியிருக்க வேண்டும். நேர்முகத்தில் பெரும்பாலும் ஆராயப்படுவது இந்தக் கடைசித் திறனே.